இடது இமையில் வைத்த ஐஸ்

கண்ணைச் சுற்றி நூல் போடுவது பற்றிச் சொல்லித்தரும்படி கேட்டீர்கள். ஊசியை எந்தக் கோணத்தில் செலுத்துவது, எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது, நூலை எங்கே வெட்டுவது என்பதையெல்லாம் கொழும்பில் இரண்டு நாள் பயிற்சியில் காட்டிவிடுவார்கள். என்னைவிட நன்றாகவே காட்டுவார்கள். என் கை இப்போது இலேசாக நடுங்குகிறது. அதனால்தான் போன வருடம் கிளினிக்கை மூடினேன். கையால் காட்ட என்னிடம் எதுவும் மிச்சமில்லை. நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். பயிற்சியில் அதைச் சொல்லமாட்டார்கள்.

அரச ஆஸ்பத்திரிகளில் தோல் வைத்தியனாக இருந்து பென்சன் எடுத்தபின், மட்டக்களப்பு நகரத்தில் வாவியைப் பார்த்த ஒரு தெருவில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துக் கிளினிக் போட்டேன். படையும் சொறியும் தேமலும் பார்த்தே காலம் போன எனக்கு இந்த நூல் வைத்தியம் புதிது. உடம்புக்குள் ஆறேழு மாதத்தில் கரைந்துபோகும் மெல்லிய நூலைத் தோலுக்கடியில் வைத்தால், தளர்ந்த இடம் கொஞ்சம் இறுகும். கண்ணோரச் சுருக்கம் குறையும். புருவ நுனி ஒரு நூலளவு உயரும். அவ்வளவுதான். அதற்கு மேல் வாக்குக் கொடுத்தால் நீங்கள் பொய் சொல்கிறீர்கள்.

எங்கள் பக்கத்தில் கண்ணோரச் சுருக்கத்துக்குக் குறைவில்லை. வாவித் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலுக்கும், வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில் அடிக்கும் வெயிலுக்கும் கண்ணை இடுக்கி இடுக்கியே முப்பது வயதில் கோடு விழுந்துவிடும். கலியாணம் வைத்திருக்கும் தாய்மார், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள், ஆசிரியைகள் என்று பலர் வந்தார்கள். சில ஆண்களும் வந்தார்கள், கதவை நன்றாகச் சாத்தச் சொல்லிவிட்டு.

கிளினிக் தொடங்கிய புதிதில் கல்குடாவிலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். கருவாடு வியாபாரம் செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். கண்ணுக்கு வெளியே விசிறிபோல் விரிந்திருந்த கோடுகளைத் தொட்டுக் காட்டி, "இத ஒருக்காக் கொறைச்சித் தாங்க டொக்டர்" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே, "இந்த வயசில உங்களுக்கு எதுக்கம்மா இது?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். "டொக்டர் தலைக்கு மை அடிச்சிரிக்கிறீங்க. எதுக்கு எண்டு நான் கேட்டனா?" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் வரவேயில்லை.

மேசைக்கு அருகில் நின்ற தாதி றெஜினா மிஸ்ஸி வாய்க்குள் சிரித்தார். அவர் பல வருடங்கள் சத்திரசிகிச்சைக் கூடத்தில் வேலை செய்தவர். பேச்சுக் குறைவு, பார்வை கூட. "அவ சொன்னது சரிதானே டொக்டர்" என்றார். சரிதான். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஏன் வேண்டும் என்று யாரிடமும் கேட்பதில்லை. முகம் அவர்களுடையது, ஆசையும் அவர்களுடையது. காரணம் கேட்க நான் யார்?

நல்ல விதிதான். அந்த விதியை வைத்துக்கொண்டுதான் பிழை செய்தேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு பெண் வந்தார். சுகந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் அதுவல்ல. ஐம்பத்தொரு வயது. ஒரு அரச கந்தோரில், சனங்கள் வந்து விண்ணப்பம் கொடுக்கும் கவுண்டரில் வேலை. காலை ஒன்பது மணிக்கு, அன்றைய முதல் ஆளாக வந்திருந்தார். பருத்திச் சேலையைக் கசங்காமல் உடுத்தியிருந்தார். கைக்குட்டையை நாலாக மடித்து மடியில் வைத்திருந்தார்.

"என்ட கண்ணப் பார்த்தா நித்திரை தூங்கிற ஆள் மாதிரி இரிக்காம் டொக்டர். அதக் கொஞ்சம் தூக்கி விடேலுமா?"

பார்த்தேன். கண்ணோரக் கோடுகள் இருந்தன. புருவ நுனி தாழ்ந்திருந்தது. இரண்டு மேல் இமைகளும் சற்றுப் பாரமாக இருந்தன, இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக. ஐம்பது வயதில் யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. புருவத்தை உயர்த்தலாம், கோடுகளைக் குறைக்கலாம், இமையை நூல் தூக்காது என்று சொன்னேன். இதை நான் சொன்னேன் என்பதை நினைவில் வையுங்கள். எனக்குத் தெரியாமல் இருக்கவில்லை.

"கொஞ்சம் தூங்கின மாதிரித் தெரியாம இருந்தாலே போதும். வேலையில சரியாக் கரைச்சல் படுத்துறாங்க" என்றார்.

யார், என்ன கரைச்சல், என்ன தொல்லை என்று நான் கேட்கவில்லை. என் விதி தடுத்தது. நாட்பட்ட நோய், வருத்தம் ஏதும் இருக்கிறதா, மருந்து பாவிக்கிறாரா, ஒவ்வாமை உண்டா என்று படிவத்தில் இருந்த கேள்விகளை மட்டும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "வெள்ளன எழும்பினா நல்லாத்தான் இரிக்கும் டொக்டர். பின்நேரமாகினாத்தான் முகமெல்லாம் விழுந்து போகுது."

"எல்லாருக்கும் அப்பிடித்தான். எனக்கும் அப்பிடித்தான்" என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுதாக வரவில்லை, உதட்டின் ஓரங்கள் மேலே ஏறவில்லை. பதட்டம் என்று நினைத்தேன்.

நூல் போட்டு முடிக்க முக்கால் மணித்தியாலம் சென்றது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. இடது பக்கம் ஒரு சிறிய இரத்தக்கண்டல் மட்டும். றெஜினா மிஸ்ஸி துணியில் ஐஸைச் சுற்றி இடது கண்ணின் மேல் வைத்துப் பிடித்தார். இரண்டு மூன்று நிமிடம் கழித்து எடுத்தவர், அப்படியே நின்றார்.

"டொக்டர், இந்தக் கண்ணை ஒருக்காப் பாருங்க."

இடது கண் அகலத் திறந்திருந்தது. காலையில் கூடுதலாகத் தாழ்ந்திருந்த இமை இப்போது வலது இமையைவிட உயரமாக நின்றது.

"நூல் நல்லாப் பிடிச்சிருக்கு" என்றேன்.

மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்தார். "நூல் ரெண்டு பக்கமும்தானே போட்டது" என்றார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிடிக்காது மிஸ்ஸி. படம் எடுங்க."

படம் எடுத்தார். சுகந்தியிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் தன் இடது கண்ணைப் பார்த்து, "ஐயோ, எவ்வளவு வடிவா வந்திட்டு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இமையை நூல் தூக்காது என்று ஒரு மணித்தியாலத்துக்கு முன் சொன்ன அதே ஆள், தூக்கிவிட்டது என்று நம்பினேன். பாராட்டு வரும் நேரத்தில் தெரிந்த விஷயமும் மறந்துபோகிறது.

கிருமி தொற்றாமலிருக்க மூன்று நாளைக்கு ஒரு குளிசை எழுதிக் கொடுத்தேன். அஸித்ரோமைசின். எல்லோருக்கும் கொடுப்பதுதான். அவர் நன்றி சொல்லிவிட்டுப் பஸ் எடுக்கப் போனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணியளவில் தொலைபேசி அடித்தது. அவருடைய கணவர் மகேந்திரன். பின்னால் நெல் வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது, பிறகு அவர் ஓரமாக நடந்து வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

"டொக்டர், மகள் வீட்டில இருந்து கோல் எடுத்தவ. இவவுக்குச் சோறு இறங்குதில்லையாம். தண்ணி குடிச்சா மூக்கால வருதாம். கதைக்கிறதும் விளங்குதில்ல, மூக்கால கதைக்கிற மாதிரி இரிக்காம். நூலால ஏதும் வீங்கிப் போச்சா?"

கண்ணோரத்தில் போட்ட நூல் தொண்டையை வீங்கச் செய்யாது. ஒவ்வாமையாக இருக்குமா? தடிப்பு இருக்கிறதா, மூச்சு இழுக்கிறதா என்று கேட்டேன். தடிப்பு இல்லை, ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மகள் சொன்னாள் என்றார்.

றெஜினா மிஸ்ஸி என் பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கணினியில் சுகந்தியின் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தார். நூல் போடுவதற்கு முன் எடுத்தது ஒன்று. ஐஸ் எடுத்த உடனே எடுத்தது மற்றது.

"டொக்டர், ஐஸ் வைச்ச கண் மட்டும்தான் திறந்தது. வைக்காத கண் அப்பிடியே இரிக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்குள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. காலையில் நல்ல கண், பின்நேரம் விழும் முகம், முழுதாக ஏறாத சிரிப்பு, குளிர் பட்டதும் நிமிர்ந்த இமை, இப்போது தொண்டை. மயஸ்தீனியா. நரம்பு கொடுக்கும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராத நோய். பாவிக்கப் பாவிக்கத் தசை களைத்து விழும், ஓய்வெடுத்தால் கொஞ்சம் மீளும், குளிர் பட்டாலும் சில நிமிடம் மீளும். அந்த நோய் உள்ளவருக்குக் கொடுக்கக் கூடாத மருந்துகள் என்று ஒரு பட்டியல் உண்டு. நான் எழுதிக் கொடுத்த குளிசை அந்தப் பட்டியலில் இருக்கிறது. மாணவனாக இருந்தபோது அதை மனப்பாடம் செய்திருக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்திருந்தபடியே ஒரு அரை நிமிடம் யோசித்தேன். கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்லலாம், முதலில் நான் பார்க்கலாம், என் சந்தேகம் பிழையாகவும் இருக்கலாம், தேவையில்லாமல் வேறு வைத்தியர்களிடம் போனால் நூல் போட்டதால் வந்தது என்று கதை கிளம்பிவிடும் என்று யோசித்தேன். களுவாஞ்சிக்குடியிலிருந்து என் கிளினிக்குக்கு வர ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அந்த யோசனையில் நோயாளி எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் மட்டும்தான் இருந்தேன்.

மிஸ்ஸி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, வடிவாக் கேளுங்க" என்றேன். "இஞ்ச கொண்டு வரவேணாம். இப்பவே அம்புலன்சுக்குச் சொல்லி ஆகக் கிட்ட இரிக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. வாயால ஒண்டும் குடுக்கவேணாம், தண்ணியும் வேணாம். படுக்க விடாதீங்க, நிமிர்ந்து இருக்கட்டும். நான் தந்த குளிசையை நிப்பாட்டுங்க. மட்டையைக் கையில கொண்டு போங்க."

"உயிருக்கு ஏதும்..."

"ஓம், அப்பிடியும் ஆகலாம். கெதியாப் போங்க."

அடுத்து அந்த ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். கடமையில் இருந்தவர் ஒரு இளம் பெண் வைத்தியர். நான் பெயரைச் சொல்லி, கண்ணுக்கு நூல் போட்ட ஒருவர் வருகிறார் என்று தொடங்கியதும், "நூல் போட்ட இடத்தில தொற்றா சேர்?" என்று கேட்டார்.

"இல்லை மகள். மயஸ்தீனியா எண்டு நினைக்கிறன். முதல் பார்க்கேக்க நான் பிடிக்கல்ல. மூண்டு நாளா அஸித்ரோமைசின் குடுத்திருக்கிறன். மூச்சுத் தசை விழப்போகுது. ஒட்சிசன் அளவு நல்லா இருக்கு எண்டு பார்த்து ஏமாற வேணாம். ஒரே மூச்சில எத்தனை வரைக்கும் எண்ண ஏலும் எண்டு பாருங்க."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு, "விளங்குது சேர். வாட்டில இப்பவே சொல்லுறன்" என்றார். அந்தப் பிள்ளை என்னிடம் வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாற்பது நிமிடத்தில் திரும்ப எடுத்தார். சுகந்தியால் ஒரே மூச்சில் ஒன்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. மட்டக்களப்புக்கு மாற்றுகிறார்கள், வழியில் மூச்சு நின்றால் பார்த்துக்கொள்ளத் தானே அம்புலன்சில் ஏறி வருவதாகச் சொன்னார்.

அவர் ஏறி வந்தது நல்லதாகப் போயிற்று. நகரத்துக்கு வரும் முன்பே சுகந்தியின் மூச்சு மிக மேலோட்டமாகிவிட்டது. பலூனை அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்தபடி கொண்டுவந்து சேர்த்தார். தொண்டைக்குள் குழாய் வைத்து, செயற்கைச் சுவாச இயந்திரத்தில் போட்டார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, நடைபாதையில் மகேந்திரன் நின்றார். நெல் வெட்டு நடந்த வயலிலிருந்து வீட்டுக்கு ஓடி, உடுப்பு மாற்றாமலே வந்தவர். சேர்ட்டில் வைக்கோல் தூசு ஒட்டியிருந்தது. என்னை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

அவரிடம் போவதற்கு முன், அங்கிருந்த மருத்துவ நிபுணர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். என்னைவிட இளையவர், நல்ல மனிதர். "சேர், வருத்தம் முன்னமே இருந்திருக்கு. நீங்க குடுக்காட்டி ஒரு காய்ச்சல் கிளப்பியிருக்கும். குளிசையப் பத்தி இப்ப வீட்டாக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவங்களுக்கு விளங்கவும் மாட்டாது" என்றார்.

அவர் சொன்னதில் முதல் பாதி மருத்துவப்படி சரி. என் மீதுள்ள அன்பினால்தான் சொன்னார் என்பதும் தெரியும். ஆனால் அந்தக் குளிசை மட்டை மகேந்திரனின் சேர்ட் பையில் துருத்திக்கொண்டு நின்றது. நான் கொண்டுபோகச் சொன்னதால் கொண்டுவந்தது. அதை எப்போதாவது ஒருவர் வாசித்துச் சொல்லத்தான் போகிறார். அது நானாக இருந்தால் என்ன?

"தம்பி, நான்தான் நூல் போட்ட டொக்டர்" என்றேன். "உங்கட மனிசிக்கு ஒரு வருத்தம் இரிக்கு. கன நாளா இரிந்திருக்கு. அவ எனக்கு அதைச் சொன்னவ, நான்தான் கவனிக்கல்ல. கவனிச்சிருந்தா இந்தக் குளிசையக் குடுத்திருக்க மாட்டன். அவவுக்கு இப்பிடிக் கடுமையா வந்ததுக்கு இந்தக் குளிசை ஒரு காரணம்."

அவர் மட்டையை வெளியே எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"இத எதுக்கு எனக்குச் சொல்லுறீங்க?"

"நான் சொல்லாட்டி உங்களுக்குத் தெரியவராது."

அவர் மட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். உள்ளே இயந்திரத்தின் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில், "அவ எழும்பினா அவவுக்கும் நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டன்" என்றார்.

பிறகு, ஏனென்று தெரியவில்லை, தன் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு வீடியோவை எனக்குக் காட்டினார். "இதாலதான் உங்களிட்ட வந்தவ. எனக்கும் சொல்லாமத்தான் வந்தவ."

நாற்பது நொடி இருக்கும். கவுண்டருக்கு வெளியே நின்ற யாரோ எடுத்துப் பேஸ்புக்கில் போட்டது. சுகந்தி மேசையில் இருக்கிறார், கண்கள் மூடியதுபோல் இருக்கின்றன. கீழே, 'எங்கட வரிக் காசில நித்திரை கொள்ளும் அம்மணி' என்று எழுதியிருந்தார்கள். ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மகளின் பாடசாலைத் தோழிகளும் பார்த்திருக்கிறார்கள். கந்தோரில் விசாரணைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

நான் அதை மூன்று முறை பார்த்தேன். கேலி செய்தவர்கள் கண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெண் தலையைப் பின்னால் சாய்த்து, நாடியை உயர்த்தி, இமைக்கடியில் கிடைத்த இடுக்கினூடாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை எழுதிக்கொண்டிருந்தது. நாற்பது நொடியில் ஒரு படிவத்தை நிரப்பி, முத்திரை குத்தி, அடுத்ததை இழுத்தார். நித்திரை கொள்ளும் ஒருவரின் கை அப்படி வேலை செய்யாது. ஒரு மருத்துவ மாணவன்கூட இந்த வீடியோவைப் பார்த்து நோயைச் சொல்லியிருப்பான். வேலையில் என்ன கரைச்சல் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அன்று காலையே அவர் கைப்பையிலிருந்து இதை எடுத்துக் காட்டியிருப்பார்.

எட்டு நாள் இயந்திரத்தில் இருந்தார். நான் தினமும் போனேன். மகேந்திரன் என்னைக் கண்டால் தலையசைப்பார், பேசமாட்டார். ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். மேலும் இரண்டு நாள் கழித்து, அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த பிறகு, கதிரையை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பின்நேரம் முகம் விழுகிறது என்று அவர் சொன்னதையும், நான் சிரித்ததையும், ஐஸையும், குளிசையையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் குரல் இன்னும் கரகரத்தது. "உங்களோட எனக்குக் கோவம் இரிக்கு டொக்டர்" என்றார். "அது அங்கால இரிக்கட்டும். இப்ப ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க."

"இந்த வருத்தத்துக்குப் பேர் இரிக்கா?"

"இரிக்கு."

"அப்ப அதை ஒரு கடுதாசியில எழுதித் தாங்க. நான் நித்திரை கொள்ளல்ல எண்டு எழுதித் தாங்க."

எழுதிக் கொடுத்தேன். நிபுணரும் தன் அறிக்கையைக் கொடுத்தார். என் கடிதத்தில், நான் முதலில் பார்த்தபோது நோயைத் தவறவிட்டேன் என்பதையும் சேர்த்தேன். அதை எழுதாவிட்டால், ஒரு வைத்தியர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறாரே என்று யாரும் கேட்கலாம்.

அதன் பிறகும் நான் நூல் போட்டேன். நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும், ஆனால் அது உண்மையில்லை. ஆசையோடு வருபவர்களை என் பயத்தின் காரணமாகத் திருப்பி அனுப்புவது நியாயமாகப் படவில்லை. ஆனால் கண்ணைச் சுற்றி எதைச் செய்வதானாலும் இரண்டு முறை வரச் சொன்னேன், ஒரு முறை காலையில், ஒரு முறை பின்நேரம் நாலு மணிக்குப் பிறகு. அடையாள அட்டையில் உள்ள பழைய படத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தேவையில்லாத இடத்தில் வழக்கத்துக்காக மருந்து எழுதுவதை விட்டேன். றெஜினா மிஸ்ஸி "ஒருக்காப் பாருங்க" என்று சொன்னால், ஊசி கையில் இருந்தாலும் வைத்துவிட்டுப் பார்த்தேன். ஏன் வேண்டும் என்று கிளினிக்கை மூடும் வரை கேட்கவில்லை. எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், இதனால் எங்கே என்ன கரைச்சல் என்று கேட்டேன். முதலாவது கேள்வி ஒருவரின் ஆசையை எடைபோடுவது. மற்றவை அவருடைய உடம்பை விசாரிப்பது. இரண்டையும் நான் ஒன்றாக்கிக் கட்டி ஒரே பெட்டிக்குள் போட்டு மூடியிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து விசாரணைக்குத் தேதி வந்தது. சுகந்தி என்னையும் வரச் சொன்னார். அதைச் சொல்ல மகேந்திரனே மோட்டார் சைக்கிளில் கிளினிக்குக்கு வந்து, "நீங்களும் வந்தா நல்லம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி நடைபாதையில் கண்ட அன்றைக்குப் பிறகு அவர் என்னோடு தானாகப் பேசிய முதல் வார்த்தை அது.

கந்தோரின் மாடியில் சிறிய அறை. மத்தியானத்துக்குக் கிட்டிய நேரம். விசாரணை அதிகாரி நாற்பது வயதுக்காரர், மரியாதையானவர். வீடியோ எடுத்தவரையும் கூப்பிட்டிருந்தார்கள். பனிச்சங்கேணிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம், இந்தப் பக்கம் கலியாணம் முடித்து வந்தவர், முப்பது வயதிருக்கும். வரமாட்டார் என்று நினைத்தோம். வந்திருந்தார்.

"நான் பொய் சொல்லல்ல சேர்" என்றார் அவர். "அண்டைக்குத் தொழிலுக்குப் போகாம வெள்ளன ஏழு மணிக்கு வந்து நிண்ட நான். பதினொரு மணி மட்டும் நிண்ட. பாத்தா இவ கண்ணை மூடிக்கொண்டு இரிக்கிறா. எனக்குக் கோவம் வராதா?"

அவருடைய கோபமும் பொய்யில்லை. நாலு மணித்தியாலம் நிற்க வைத்தால் யாருக்கும் வரும்.

அதிகாரி என் கடிதத்தையும் அறிக்கையையும் வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். "டொக்டர், எனக்கு இதெல்லாம் விளங்குது எண்டு பொய் சொல்லமாட்டன். வருத்தம் இருக்கு எண்டு போட்டிருக்கு. அண்டைக்கு, அந்த நேரம், நித்திரையா வருத்தமா எண்டு இதில எப்பிடித் தெரியும்?" என்றார்.

நான் விளக்கத் தொடங்கினேன். நரம்பு, தசை, கட்டளை என்று பேசிக்கொண்டு போனேன். அவர் முகத்தைப் பார்த்தபோது ஒன்றும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. அப்போது சுகந்தி இடைமறித்தார்.

"சேர், வாட்டில டொக்டர்மார் ஒவ்வொரு நாளும் என்னட்ட ஒண்டு செய்யச் சொன்னவங்க. இஞ்சயும் செய்து காட்டட்டா?"

அதிகாரி தலையசைத்தார். சுகந்தி கதிரையில் நிமிர்ந்து, தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் உயர்த்தி மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். இந்த நோய்க்கு அவர் போடும் மத்தியானக் குளிசைக்கு நேரமாகியிருந்தது. அதைப் போட்டிருக்கவில்லை என்று பிறகுதான் அறிந்தேன். அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடது இமை இறங்கத் தொடங்கியது. கொஞ்சம் நின்று, மீண்டும் இறங்கியது. வலது இமை அதன் பின்னால் வந்தது. அவர் நெற்றியைச் சுருக்கி, புருவத்தை உயர்த்தி, தன்னால் முடிந்ததெல்லாம் செய்தார். ஒரு நிமிடம் கழிந்தபோது இரண்டு கண்களும் மூடியிருந்தன. வீடியோவில் இருந்த அதே முகம்.

"நான் நித்திரை இல்ல சேர்" என்றார் அந்த முகத்தோடு. "நீங்க கதைக்கிறது எல்லாம் எனக்குக் கேக்குது."

பிறகு, வீடியோ எடுத்தவர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"தம்பி, நீங்க அண்டைக்கு வந்தது மகள்ட பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்கு. பாடசாலையில சேர்க்க வேணும் எண்டு சொன்ன நீங்க. படிவத்தில தாய்ட கலியாணப் பதிவு இலக்கம் எழுதல்ல. நீங்க கிறுகித் திரும்பி வீட்ட போய் வரவேணும் எண்டதால நானே பழைய புத்தகத்தில தேடி எடுத்து எழுதின. அதுக்குத்தான் சுணங்கின. உங்கட மகளுக்கு ஆனி மாதம் ஆறு வயசு."

அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரியின் பேனா கடதாசியில் ஊன்றியபடியே நின்றது.

"அக்கா," என்றார் அவர் கடைசியில், மெதுவாக. "கண்ணைத் திறங்க அக்கா."

"திறக்க ஏலாது தம்பி. கொஞ்சம் பொறுத்திருங்க. தானாத் திறக்கும்."

நாங்கள் எல்லோரும் பொறுத்திருந்தோம்.